முதல் அசை எங்கே போயிற்று? ஒரு டூரிங் பைக்கின் ரேடியோ, இன்டர்காம்: நிகழ்வு ஆய்வு

கிளைச் சாலைக்குச் சற்று முன்னால் என் ஹெல்மெட்டுக்குள் கேட்டது இவ்வளவுதான்: "…து பக்கம் திரும்பணும்." நான் இடது பக்கம் திரும்பினேன். பின்னால் வந்த பைக்கின் பில்லியனில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சொன்னது "வலது பக்கம்". இடையில் ஒரு வளைவு இருந்ததால் நான் திரும்பியதை அவர்கள் பார்க்கவில்லை. கிளைக்கு வந்ததும் வலது பக்கம் போய்விட்டார்கள்.

கொஞ்ச தூரம் போய்ச் சந்தேகம் வந்து நிறுத்திக் கூப்பிட்டேன். பதில் இல்லை. காதில் காற்றின் இரைச்சல் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பைக் நின்றுகொண்டிருக்கும்போது காற்று எங்கிருந்து வரும் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அது என் ஹெல்மெட்டின் காற்று இல்லை. அண்ணனின் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டிருந்த காற்று.

மறுபடி சேர்வதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அம்பது வாட் ரேடியோ ஒண்ணு போட்டுடலாமா?" அதன்பின் மூன்று வார இறுதிகள் அந்தப் பைக்கைப் பிரித்து மாட்டினோம். வாட் ஏறவில்லை. ரேடியோவும் மாறவில்லை. என்ன மாறியது என்பதுதான் இந்தக் குறிப்பு.

பைக்கில் இருந்தவை

இரட்டை சிலிண்டர் டூரிங் பைக், உயரமான விண்ட்ஷீல்டு, மூன்று பெட்டிகள், மின்சாரம் தயாரிக்க 420 வாட் ஆல்டர்னேட்டர். ஹேண்டில்பாரில் 5 வாட் கையடக்க ரேடியோ. அதற்கு மின்சாரம் முன்பக்கத்து 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து. டேங்க் பையில் கம்பி வழி இன்டர்காம் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஹெல்மெட்டுக்கும் சுருள் கேபிள். வழிகாட்டவும் பாட்டுக்கும் ஃபோன். அதன் ஆடியோ கேபிள் இன்டர்காமுக்கும், சார்ஜர் கேபிள் அதே முன்பக்க ஒயருக்கும் போயின. பின் ரேக்கில் ஒரு சின்ன ஆன்டெனா. மூன்று பேருக்குமே அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு, அதனால் பேசியது 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. எந்த அலைவரிசையில் எத்தனை வாட், உரிமம் வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உதாரணமாக ஐரோப்பாவில் உரிமமின்றிப் பேசலாம் என்றுள்ள பி.எம்.ஆர்.446 செட்டில் அரை வாட்டுக்கு மேல் கூடாது, ஆன்டெனாவைக் கழற்றவும் கூடாது. அப்படிப்பட்ட செட்டை வைத்துக்கொண்டு ரேக்கில் ஆன்டெனா மாட்ட நினைப்பதில் பொருளில்லை.

இப்போது மெஷ் இன்டர்காம்கள் (ஹெல்மெட்டுகள் கம்பியில்லாமல் தங்களுக்குள் வலைபோல இணைந்துகொள்ளும் செட்கள்) வந்துவிட்ட பிறகு ரேடியோ எதற்கு என்று கேட்கலாம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் போகும் இரண்டு பைக்குகளுக்கு மெஷ் போதும், வீண் வேலை வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இவர்கள் போகும் குழுவில் பழைய செட்கள், வேறு வேறு ஹெல்மெட்கள், சில சமயம் சாமான் வண்டியாக ஒரு காரும் உண்டு. எல்லாருக்கும் பொதுவானது ரேடியோ ஒன்றுதான்.

அண்ணன் எழுதிக் கொடுத்த குறை நான்கு. 70 கி.மீ. வேகத்துக்கு மேல் ரேடியோ தானாகவே பேச ஆரம்பிக்கிறது. த்ராட்டிலோடு ஏறும் ஒரு விசில் காதில் கேட்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. நான்காவது வரியில் அண்ணி தன் கையால் எழுதியிருந்தார்: "நான் சொல்றது யாருக்கும் முழுசா கேக்கறதில்லை."

நான்காவதைத்தான் முதலில் எடுத்தோம்.

இரண்டு குறில்

வாக்ஸ் என்பது குரலைக் கேட்டதும் ரேடியோ தானே ஒலிபரப்புக்கு மாறும் வசதி. கையை எடுக்காமல் பேசலாம் என்பதால் பைக்காரர்கள் ஆசைப்பட்டுப் போடுவது. அதற்குக் குரல் கேட்ட பிறகுதான் வேலை ஆரம்பம். கேட்டு, மாறி, அலை கிளம்புவதற்குள் சொல்லின் தலை போய்விடும். இவர்கள் செட்டில் அதோடு டோன் ஸ்க்வெல்ச்சும் போட்டிருந்தார்கள். குரலோடு சேர்த்து அனுப்பும் ஒரு தாழ்ந்த டோன், 67 ஹெர்ட்ஸிலிருந்து 254 வரை ஏதோ ஒன்று. அதை அடையாளம் கண்ட பிறகே எதிர்ப்பக்கத்து ரேடியோ ஸ்பீக்கரைத் திறக்கும். அதற்கும் கால் விநாடிக்குப் பக்கத்தில் ஆகும், டோன் தாழத் தாழ இன்னும் கொஞ்சம் கூடும். ஆக இரண்டு கதவுகள், ஒன்று திறந்த பிறகுதான் மற்றது.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. வலது, இடது. இரண்டிலும் முதல் அசை இரண்டு குறில்: வல, இட. குறிலுக்கு மாத்திரை ஒன்று, கண் இமைக்கும் நேரம். இரண்டு கதவும் திறப்பதற்குள் அந்த அசை வாயை விட்டுப் போய்விடும். மிஞ்சுவது "து", அது இரண்டு சொல்லுக்கும் பொது. லெஃப்ட், ரைட் என்று சொல்லிப் பார்த்தோம். தலையை வெட்டினால் அங்கேயும் ஒரு "ட்" சத்தம்தான் மிச்சம்.

வாக்ஸை அணைத்தோம். இடது கட்டை விரலுக்கு எட்டுகிற மாதிரி ஹேண்டில்பாரில் ஒரு பி.டி.டி. பொத்தான் (அமுக்கினால்தான் ரேடியோ பேசும்), அண்ணிக்குத் தனியாக ஒன்று கைப்பிடிப் பட்டையில். அண்ணனுக்கு முதல் நாள் முழுக்க பொத்தானுக்குப் பதில் ஹார்னைத்தான் அமுக்க முடிந்தது. பொத்தானை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, ஹார்னிலிருந்து தடவியே பிரித்தறியும்படி மேலே ஒரு ரப்பர் வளையம் ஒட்டியதும் சரியானது. பொத்தானின் உடல் உலோகமாக இருந்தால் ஹேண்டில்பாரைத் தொடாமல் இன்சுலேட் செய்துவிடுங்கள். காரணம் கீழே வரும்.

பொத்தான் வந்தாலும் டோன் ஸ்க்வெல்ச்சின் தாமதம் அப்படியேதான் இருக்கும். அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். புளூடூத் அடாப்டர் வழியாக ரேடியோவை ஹெல்மெட்டோடு இணைத்தவர்களுக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும், ஏனென்றால் குரலுக்கான இணைப்பு திறக்கவே தனியாக நேரம் எடுக்கும். வாலும் முக்கியம். தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில் வருகிறது. "திரும்பாதே" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை விட்டால் போய்ச் சேருவது "திரும்பா…". எதிரே இருப்பவர் மீதியைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்.

இதற்கு அண்ணி கண்டுபிடித்த தீர்வு வேறு. வலதுக்கு "சோத்துக்கைப் பக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தார். இடது இடதாகவே இருந்தது. தலையை வெட்டினாலும் வாலை வெட்டினாலும் வேறு எதுவாகவும் கேட்காத சொல். நாங்கள் சிரித்தோம். ஆனால் அதுதான் நிலைத்தது.

காற்று

வாக்ஸ் ஏன் 70-க்கு மேல் தானாகத் திறந்தது என்ற கேள்வி பாக்கி இருந்தது. மணிக்கு 65 கி.மீ. அளவைத் தாண்டினாலே ஹெல்மெட்டைச் சுற்றும் காற்றின் சத்தம் எஞ்சின் சத்தத்தை மிஞ்சிவிடும்; 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 100 டெசிபலை நெருங்கும். ஆனால் அண்ணன் ஓட்டுவது நல்ல விண்ட்ஷீல்டுக்குப் பின்னால். அண்ணனின் ஹெல்மெட்டில் கையை விட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மைக் பின்புறமாகத் திரும்பியிருந்தது.

காற்றை ஒதுக்கும் மைக்குக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்று உதட்டைப் பார்க்கும், மற்றது வெளியைப் பார்க்கும். இரண்டிலும் சமமாக வரும் சத்தம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஒன்றில் மட்டும் பலமாக வருவது தங்கும். திருப்பி மாட்டினால் குரல் மெலிந்து, ஒதுக்க வேண்டியது முன்னுக்கு வரும். அதைச் சரிக்கட்ட யாரோ மைக் கெயினை, அதாவது மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவை, உச்சத்தில் வைத்திருந்தார்கள். நாங்கள் மைக்கைத் திருப்பி, பேசும்போது உதட்டின் ஓரம் பஞ்சில் உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, பஞ்சைப் புதிதாக மாற்றி, கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். ஒரு மைக்கின் பின்பக்கம் எது என்று கண்டுபிடிக்க, இரண்டு பக்கத்தையும் மாறி மாறி உதட்டைப் பார்க்க வைத்து ஒரே அளவில் "ஒன்று, இரண்டு" சொல்லிப் பாருங்கள், இரண்டே நொடியில் தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் கதையும் இதே மாதிரிதான். அண்ணியின் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒட்டப்பட்டிருந்தது. காதுக்குக் கீழே இருக்கும் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் முதலில் காணாமல் போகும், பிறகு மெய்யெழுத்துகள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலை விட்டு, ஸ்பீக்கரை மேலும் கீழும் நகர்த்தச் சொன்னோம். ஓரிடத்தில் அண்ணி சட்டென்று நிறுத்தி, "இங்கேதான், யாரோ ரேடியோவுக்குச் சத்தம் கூட்டின மாதிரி இருக்கு" என்றார். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, பின்னால் ஒரு துண்டு நுரை வைத்துக் காதை லேசாகத் தொடும்படி ஒட்டினோம். வால்யூம் பாதியாகக் குறைந்தது.

அப்புறம் காதடைப்பான். இதை நம்பவைப்பதுதான் கஷ்டம். காதை அடைத்தால் ரேடியோ எப்படிக் கேட்கும் என்பார்கள். காற்றும் குரலும் இரண்டுமே குறைகின்றன, உண்மைதான்; ஆனால் காது திணறுவது நிற்கிறது, குரலை மட்டும் கூட்டிக்கொள்ள ஒரு குமிழ் நம்மிடம் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம்; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். நாள் முழுக்க ஓட்டுகிறவர் காற்றை மிஞ்சுவதற்காக வால்யூமைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

விசில்

இதற்குத்தான் அதிக நேரம் போனது, தப்பும் இங்கேதான் செய்தேன்.

சத்தத்தை முதலில் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு வேகமாகும் டிக்-டிக் என்றால் ஸ்பார்க் பக்கம் போங்கள்: ரெசிஸ்டர் இல்லாத பிளக், கிழிந்த கேப். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறும் விசில் என்றால் ஆல்டர்னேட்டர். ரெக்டிஃபையர் நேர் மின்சாரமாக மாற்றிய பிறகும் மிச்சமிருக்கும் அலைதான் அது. எங்களுடையது சுத்தமான விசில்.

பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அண்ணன் த்ராட்டிலைப் பிடித்தார். சாவி போட்டு எஞ்சின் இல்லாமல்: அமைதி. எஞ்சின் ஓடும்போது: விசில். ரேடியோவைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி அதன் சொந்த பேட்டரியில் விட்டோம்: விசில் அப்படியே. ரேடியோ கேபிளையே இன்டர்காமிலிருந்து கழற்றினோம்: அப்படியே. ஃபோனின் சார்ஜர் கேபிளை இழுத்தேன். நின்றுவிட்டது. மறுபடி செருகினேன், வந்தது.

ஃபோனுக்கு இரண்டு வழியில் எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒன்று சார்ஜர் வழியாக முன்பக்க ஒயரிங்குக்கு. மற்றொன்று ஆடியோ கேபிளின் மேல்வலை வழியாக இன்டர்காமுக்கும், அங்கிருந்து பேட்டரிக்கும். முன்பக்க எர்த் ஒயரில் ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றின் மின்னோட்டமும் திரும்பி வருகிறது, அதனால் அந்த ஒயரின் இரு முனையும் ஒரே வோல்ட்டில் இருக்காது. மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துச் சார்ஜரின் நெகட்டிவுக்கும் இன்டர்காமின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தபோது 60 மில்லிவோல்ட் காட்டியது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஃபோனிலிருந்து பாட்டாக வருவதே சில நூறு மில்லிவோல்ட்தான். ஹேண்டில்பாரில் உலோகம் உலோகத்தைத் தொட மாட்டுகிற எதுவும் இதே வேலையைச் செய்யும். அதன் எர்த் கிரீஸ் தடவிய ஸ்டியரிங் பேரிங் வழியாகச் சட்டத்துக்குப் போகிறது. பி.டி.டி. பொத்தானை இன்சுலேட் செய்யச் சொன்னது இதனால்தான்.

ஒயரிங்கைப் புதிதாகப் போட்டோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிறகு சீட்டுக்கடியில் சின்ன ஃபியூஸ் பெட்டி. ரிலேயை இயக்குவது டெயில் லைட் ஒயர், ஆகவே சாவியை எடுத்தால் எல்லாம் அணையும், பேட்டரி தீராது. ரேடியோ, இன்டர்காம், சார்ஜர் மூன்றின் நெகட்டிவும் ஒரே போல்ட்டில் சேர்ந்து அங்கிருந்து ஒரே ஒயராகப் பேட்டரிக்கு. சட்டத்தில் எங்கும் எர்த் பிடிக்கவில்லை. விசில் பெருமளவு அடங்கியது. மீதிக்கு ஃபோனின் ஆடியோ கேபிளில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அது குரலை மட்டும் காந்தப்புலம் வழியாகக் கடத்தும், இரண்டு பக்கத்து எர்த்தும் தொடவே தொடாது. விசில் போயே போயிற்று.

அந்த மகிழ்ச்சியில் மைக் ஒயரிலும் ஒன்று போட்டேன். மைக் செத்துவிட்டது. எலெக்ட்ரெட் மைக்குக்குள் இருக்கும் சின்ன பெருக்கிக்கு அதே ஒயர் வழியாகத்தான் சில வோல்ட் நேர் மின்சாரம் போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் நேர் மின்சாரத்தைக் கடத்தாது. தெரிந்த பாடம்தான். இருந்தும் ஒரு மாலை முழுக்க சால்டரிங் அயர்னும் கையுமாக மைக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆன்டெனா, அந்த ஐம்பது வாட்

ரேக்கில் இருந்தது கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளம். 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். காரின் கூரைபோல அடியில் விரிந்த ஓர் உலோகத் தளம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பைக்கின் பின்னால் பிளாஸ்டிக்கும் இரண்டு அலுமினியக் குழாய்களும்தான். ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் முழுப் பொருத்தம்) 3-க்கு மேல் காட்டியது. அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம். தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனா, ஒரு மீட்டர் நீளம், ரேக்கின் வலது ஓரத்தில் அண்ணியின் தலையிலிருந்து முடிந்தவரை தள்ளி மாட்டினோம். 1.4-க்கு வந்தது. ஒலிபரப்பும்போது இன்டர்காமில் ஒரு உறுமல் கேட்டது, ஹெல்மெட் கேபிள்கள் கிளம்பும் இடத்தில், கேபிளில் ஏறும் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டியதும் அடங்கியது.

50 வாட் ஏன் வேண்டாம் என்று அண்ணனிடம் கணக்காகச் சொன்னேன். ஐந்திலிருந்து ஐம்பது என்பது 10 டெசிபல், ரேடியோவின் சிக்னல் மீட்டரில் இரண்டு கோடுகூட முழுதாக ஏறாது. ஒலிபரப்பும் நேரம் முழுக்க 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு ஐட்லிங்கில் நின்றால் ஆல்டர்னேட்டர் தாங்காது. இரண்டு ஆன்டெனாவும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால் சமதரையில் ரேடியோ அடிவானமே 10 கி.மீ.தான். குறுக்கே ஒரு குன்று வந்தால் எத்தனை வாட் இருந்தாலும் குன்று நகராது.

மறுபடி அதே கிளை

நான்காவது வாரம் அதே சாலைக்குப் போனோம். சமதரையில் இரண்டு பைக்கும் விலகிக்கொண்டே போய் நான்கு கிலோமீட்டர் வரை தெளிவாகப் பேசினோம். 110 கி.மீ. வேகத்திலும் ரேடியோ தானாக வாய் திறக்கவில்லை. கிளைக்கு முன்னால் காதில் ஒரு சின்ன "டக்", ஒரு மூச்சு, பிறகு அண்ணியின் குரல்: "அடுத்து திரும்பணும். சோத்துக்கைப் பக்கம். சோத்துக்கை." திரும்பினேன்.

"டக்" என்று முடியும் சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணியின் பொத்தான் கைப்பிடிப் பட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அடுத்த ஏழு நிமிடங்களுக்கு, வீட்டுச் சாவியைக் கடைசியாக யார் வைத்திருந்தார்கள் என்ற விவாதம் முழுவதையும் நானும், அந்த அலைவரிசையில் இருந்த மற்ற எல்லாரும் கேட்டோம். குறுக்கிட வழியில்லை, அவர்கள் ரேடியோ பேசும்வரை கேட்காது. அன்று இரவே மெனுவில், குறித்த நேரத்துக்கு மேல் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் டைம்-அவுட் டைமரைத் தேடி 60 விநாடியில் வைத்தோம்.

சாவி அண்ணனின் டேங்க் பையில், இன்டர்காம் பெட்டிக்கு அடியில் இருந்தது.